தோட்டா நிரப்பக் கற்றுத்தர பக்கத்தில் ஆள் கிடைப்பாரா?

“சொந்த ஊர் ஜவ்வாது மலை அடிவாரம். 4 ஏக்கரில் மணிலா போடுகிறோம். காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காக, 74 வயதாகும் அப்பாவின் பெயரில் உரிமம் பெற்ற 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. தோட்டா வாங்க ஒவ்வொரு முறையும் அலைய வேண்டியிருக்கிறது. சுட்ட காலித் தோட்டாக்களை அப்பா ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், இப்படிக் காலியானவற்றை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பெரியவருக்கும் அந்த வேலை தெரியும் என்கிறார்கள். அவரிடம் போகலாமா? அல்லது சென்னையிலேயே முறைப்படி கற்றுத்தருபவர் இருக்கிறாரா?”

- வாசகர், தேனாம்பேட்டை, சென்னை.

முதலில் நேரடியான பதில். ஊர்ப் பெரியவரிடம் போகக் கூடாது. சென்னையிலும் தோட்டா நிரப்புவதைத் தனியாகக் கற்றுத்தரும் ஆளைத் தேடி அலைய வேண்டாம். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுக்கொள்ள விரும்பினால், அதற்குச் சட்டப்படியான இடம் தேனாம்பேட்டையிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கி, தோட்டா இரண்டுக்கும் அடிப்படை, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். இந்தச் சட்டத்தில் ‘தோட்டா’ என்பதற்கு நாம் நினைப்பதைவிட அகலமான பொருள் தரப்பட்டிருக்கிறது. முழுத் தோட்டா மட்டும் அதில் அடங்காது. துப்பாக்கிக்குப் போடும் மருந்து, அதற்கான துணைப்பொருட்கள், தோட்டாவின் பாகங்கள், தோட்டா தயாரிக்கும் இயந்திரம் ஆகிய எல்லாமே ‘தோட்டா’ என்ற சொல்லுக்குள் வருகின்றன. ஆகவே, நிரப்பும் கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வீட்டில் வைத்திருப்பதே சிக்கலில் கொண்டுபோய் விடும்.

அதே சட்டத்தின் 5-ம் பிரிவு, துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிக்க, விற்க, பழுது பார்க்க, சோதிக்கத் தனி உரிமம் வேண்டும் என்கிறது. அப்பாவின் கையில் இருப்பது துப்பாக்கியை வைத்திருப்பதற்கான உரிமம். அது தயாரிப்பு உரிமம் ஆகாது. உரிமம் இல்லாமல் தயாரித்தால் என்ன தண்டனை? 2019-ம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டுகள் சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அபராதமும் உண்டு.

ஊர்ப் பெரியவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், உரிமம் இல்லாமல் அதைச் செய்தால் அவருக்கும் வழக்கு, கற்றுக்கொள்ளப் போனவருக்கும் வழக்கு. அதோடு, அப்பா பல ஆண்டுகளாகப் புதுப்பித்து வைத்திருக்கும் உரிமமும் ரத்தாகும் நிலை வரும். ஒரு டப்பா காலித் தோட்டாவுக்காக இவ்வளவையும் பணயம் வைக்க வேண்டியதில்லை.

‘உரிமத்தில் வேண்டாம் என்று எழுதவில்லையே’ என்று சிலர் வாதாடுவார்கள். ஆயுத உரிமத்தைப் பொறுத்தவரை, எழுதிக் கொடுத்தது மட்டும்தான் அனுமதி. சந்தேகம் இருந்தால் உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கு எழுத்துமூலமாக விண்ணப்பித்து, எழுத்துமூலமாகவே பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாக யாராவது ‘பரவாயில்லை’ என்று சொன்னதை நம்பி எதையும் தொடங்கக் கூடாது.

நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து போடுவது எப்படி?

இங்கே ஒரு குழப்பம் வருவது இயல்பு. குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்வதைச் சட்டமே குறிப்பிடுகிறது. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால், வேறு வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். தேனாம்பேட்டை வாசகரின் அப்பாவிடம் 12 போர் இருப்பது அந்த வகையில்தான்.

நாட்டுத் துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் மருந்து போட்டாக வேண்டும். அந்தத் துப்பாக்கி இயங்கும் முறையே அதுதான். அதற்கான மருந்தையும் கேப்பையும் உரிமத்தைக் காட்டி, உரிமம் பெற்ற கடையில், அனுமதித்த அளவுக்குள் வாங்க வேண்டும். 12 போர் தோட்டாவின் கதை வேறு. அது ஆலையில் அளந்து மூடி வரும் பொருள். ‘அங்கே மருந்து போடலாம் என்றால் இங்கேயும் போடலாம்’ என்று ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்கு நியாயம் சொல்ல முடியாது.

அமெரிக்க உறவினர் மட்டும் எப்படிச் செய்கிறார்?

அங்கே சட்டம் வேறு. சொந்த உபயோகத்துக்காக ஒருவர் தோட்டா நிரப்பிக்கொள்ள அமெரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. கருவி, மருந்து, கேப், ரவை எல்லாம் கடையில் கிடைக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு எடை, எந்த ரவைக்கு எது பொருந்தும் என்று சோதித்துப் பார்த்த அட்டவணைகளைத் தயாரிப்பாளர்களே வெளியிடுகிறார்கள். அங்கேயும் புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துத் தனியாக இறங்கிவிடுவதில்லை. அனுபவசாலி ஒருவரைப் பிடித்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு கை வைப்பவர்களும் உண்டு. நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் என்ற அமைப்பு இதற்கென்றே பயிற்றுநர்களைத் தயார் செய்கிறது.

இவ்வளவு கவனம் எதற்கு? காரணங்கள் எளியவை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு மருந்துகள் எரியும் வேகம் ஒன்றாக இருக்காது. கண் அளவுக்குத் தெரியாத எடை வித்தியாசம்கூடக் குழலுக்குள் அழுத்தத்தை எகிறச் செய்யும். பேச்சுக் கவனத்தில் ஒரே தோட்டாவில் இரண்டு முறை மருந்து விழுந்துவிட்டால், வெடிக்கும் துப்பாக்கி பிடித்திருப்பவரின் கையையும் முகத்தையும் சிதைக்கும். மருந்து குறைந்துபோனால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி, அடுத்த வெடியில் குழல் பிளக்கும். பட்டாசு ஆலைகளில் ஆண்டுதோறும் நடக்கும் விபத்துகளைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு, வெடிமருந்தோடு பழகுவது பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பரம்பரையாகத் தொழில் தெரிந்தவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே ஒரு சிறு உராய்வு போதுமானதாக இருக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் வாராவாரம் இலக்கு சுடும் பழக்கம் உள்ளவர்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் சுடுபவருக்குத்தான் கருவி வாங்கிய முதல் திரும்பும். பயிர்க்காவலுக்கு ஒரு பருவத்தில் நான்கைந்து தோட்டா செலவழிப்பவருக்கு, சட்டமே அனுமதித்தாலும் இதில் மிச்சம் எதுவும் நிற்காது. அலைச்சல்தான் பிரச்னை என்றால், உரிமத்தில் அனுமதித்த எண்ணிக்கைக்குள் பருவத்துக்குத் தேவையானதை ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொள்வது போதும்.

அரசு நிறுவனத் தயாரிப்பான 12 போர் தோட்டாக்கள் மகாராஷ்டிர மாநிலம் கட்கி ஆலையில் தயாராகி, உரிமம் பெற்ற கடைகளுக்கு வருகின்றன. இப்போது அந்த ஆலை, மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. தமிழ்நாட்டிலேயே நீலகிரி மாவட்டம் அரவங்காட்டில் நூறாண்டு கடந்த கார்டைட் ஆலை இருக்கிறது. துப்பாக்கி மருந்து தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட அந்த இடத்தின் காவலையும் கட்டுப்பாட்டையும் பார்த்தவர்களுக்கு, அது வீட்டுத் திண்ணையில் வைத்துச் செய்யும் வேலை இல்லை என்பது புரியும்.

அப்படியானால் யாரிடம் கற்றுக்கொள்வது?

கற்றுக்கொள்ள வேண்டியது கையாளும் முறை, பாதுகாப்பு, பராமரிப்பு ஆகியவற்றைத்தான். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, புதிதாகத் துப்பாக்கி உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைக்க வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பிடிப்பது, எடுத்துச் செல்வது, சுடும் முறை, துடைத்து வைப்பது, பூட்டி வைப்பது எல்லாம் அந்தப் பயிற்சியில் அடங்கும்.

சென்னையில் இதற்கு முதல் கதவு, எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் உள்ள சென்னை ரைஃபிள் கிளப். 2021-ல் நடிகர் அஜித்குமார் இந்தக் கிளப்புக்குப் போகக் கிளம்பி, வழி தவறி வேப்பேரியில் உள்ள புதிய கமிஷனர் அலுவலகத்துக்குப் போய்விட்டது செய்தியானது பலருக்கு நினைவிருக்கும். தேனாம்பேட்டை மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். கோவை, திருச்சி போன்ற ஊர்களிலும் ரைஃபிள் கிளப்புகள் உண்டு. 12 போர் துப்பாக்கியால் பறக்கும் தட்டைச் சுடும் ‘ட்ராப்’ போட்டியில், தமிழ்நாட்டைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார். ஆக, இந்தத் துப்பாக்கியை முறையாகக் கற்றவர்கள் நம் மாநிலத்தில் இல்லாமல் இல்லை.

பயிற்சிக்குச் சேரும் முன், எந்த மையத்தின் சான்றிதழை ஏற்பார்கள் என்பதை உரிமம் தரும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பணம் கட்டிய பிறகு ‘இது செல்லாது’ என்றால் வீண் செலவு.

கற்றுத்தருபவர் நல்லவரா என்பதை எப்படி அறிவது? சில அடையாளங்கள் உண்டு.

- முதல் நாளே கையில் துப்பாக்கியைக் கொடுக்க மாட்டார். முதலில் விதிகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைப்பார்.
- காலித் துப்பாக்கியையும் நிரம்பிய துப்பாக்கிபோலவே நடத்துவார். குழலை ஒருபோதும் ஆள் பக்கம் திருப்ப மாட்டார்.
- தன் உரிமத்தையும் கிளப் உறுப்பினர் அட்டையையும் கேட்டால் தயங்காமல் காட்டுவார்.
- கண், காது இரண்டுக்கும் பாதுகாப்பு இல்லாமல் சுட விடமாட்டார்.
- கேள்வி கேட்டால் எரிச்சல்பட மாட்டார். தெரியாததைத் தெரியாது என்பார்.

‘எழுத்து வேலை எல்லாம் வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள், இரண்டு நாளில் பழக்கிவிடுகிறேன்’ என்று சொல்பவர் எவராக இருந்தாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

அப்பாவின் துப்பாக்கியை மகன் எடுக்கலாமா?

இந்தக் கேள்வியை வாசகர் கேட்கவில்லை. ஆனால், அவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். உரிமம் அப்பாவின் பெயரில் இருக்கும்வரை, அந்தத் துப்பாக்கியை மகன் தன் விருப்பத்துக்கு எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவது குற்றம். அப்பா அதைக் கொடுத்தனுப்பினால் அவரும் குற்றத்துக்கு உள்ளாவார்.

இதற்கு நேர்வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, எது முன்னதோ அப்போது, சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று 2016-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அப்பாவுக்கு 74 வயது என்பதால் இப்போதே விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. வழக்கமான விசாரணை எல்லாம் முடிந்த பிறகே உரிமம் கிடைக்கும்.

நிலம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்து, பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமமும் அங்கேயே வாங்கியது என்றால், முதலில் அணுக வேண்டியது அந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை. சென்னை மாநகருக்குள் உரிமம் தருபவர் போலீஸ் கமிஷனர். மகனின் முகவரி சென்னையில் இருப்பதால், விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுவிட்டால் இரட்டை அலைச்சல் மிச்சம்.

அதற்குள் வீட்டில் சரிபார்க்க வேண்டியவை:

- உரிமம் எந்தத் தேதி வரை செல்லும்? 2019-ம் ஆண்டு திருத்தத்தின்படி உரிமக் காலம் 5 ஆண்டுகள். பழைய உரிமமாக இருந்தால் அதில் எழுதியிருக்கும் தேதியே கணக்கு.
- யூ.ஐ.என் எனப்படும் தனி அடையாள எண் உரிமத்தில் ஏறியிருக்கிறதா? அது இல்லாத உரிமம் செல்லாது.
- துப்பாக்கி பழையதா? பழைய 12 போர் துப்பாக்கிகள் சிலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ. நீளத் தோட்டாவுக்கு ஏற்ப இருக்கும். இப்போது பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. பொருந்தாததைப் போட்டால் அழுத்தம் கூடி ஆபத்து. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டி, எந்தத் தோட்டா போடலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.
- அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருந்து, பிறகே திறக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிட மொட்டையாக இருந்தால் அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. குழல் அடைத்திருக்கலாம்.
- ஈரம் பட்டு, பச்சை பூத்த பழைய தோட்டாக்களைப் பிரிக்கவோ, எரிக்கவோ, புதைக்கவோ கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ கேட்டு ஒப்படைக்க வேண்டும். அந்த டப்பாவில் உள்ள காலித் தோட்டாக்களையும் அப்படியே ஒப்படைத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டால் பிற்காலத்தில் கேள்வி வராது.

துப்பாக்கி இருந்தால் பன்றியைச் சுடலாமா?

கூடாது. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. காட்டுப்பன்றி, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் சுட்டால் தனி வழக்கு.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட ஆணைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி கிடையாது. 1 முதல் 3 கி.மீ. வரை, பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். 3 கி.மீ.க்கு அப்பால் வந்து பயிரைச் சேதப்படுத்தும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவார்கள். விவசாயிக்குச் சுடும் அதிகாரம் இதில் தரப்படவில்லை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைப் பயன்படுத்தும் முறை இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆகவே, ஜவ்வாது மலை அடிவாரத்து நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கி.மீ. என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. சேதம் நடந்த அன்றே படம் எடுத்து, சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரகரிடம் இழப்பீட்டுக்கு மனு கொடுக்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்க்கும் முன் வயலை உழுதுவிட்டால் இழப்பீடு கிடைப்பது கடினம்.

----------

“பக்கத்துத் தோட்டத்துக்காரர் காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கிறார். சொன்னால் கேட்பதில்லை. எங்கள் மாடுகள் அந்தப் பக்கம் மேய்கின்றன. என்ன செய்வது?”

- வாசகர், சத்தியமங்கலம்.

தீனிக்குள் வெடிமருந்தை ஒளித்து வைக்கும் அவுட்டுக்காய், வைத்தவர் நினைத்த விலங்கை மட்டும் தேடிப்போகாது. மாடு, ஆடு, நாய், யானை எது கடித்தாலும் தாடை சிதறும். தீனி தின்ன முடியாமல் பல நாள் வதைபட்டுச் சாகும். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இப்படி வாய் சிதைந்த கருவுற்ற யானை, ஆற்றுக்குள் நின்றபடியே உயிர்விட்டதை நாடே பார்த்தது. கோவை வனப்பகுதியிலும் அவுட்டுக்காய் கடித்து யானைகள் இறந்திருக்கின்றன. சுள்ளி பொறுக்கப் போகும் குழந்தைகளும் இதை எடுத்துவிடக்கூடும்.

வெடிபொருளை இப்படி வைப்பது, 1908-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழும் வன உயிரினச் சட்டத்தின் கீழும் குற்றம். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மனம் நோகுமே என்று பார்க்க வேண்டாம். வனச்சரக அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ தகவல் சொல்லலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். காட்டோரத்தில் வெடிக்காத உருண்டை கிடப்பதைப் பார்த்தால் தொடவோ, குச்சியால் தள்ளவோ கூடாது. மாடுகளை விலக்கிவிட்டு, அந்த இடத்துக்கு ஆள் போகாமல் பார்த்துக்கொண்டு தகவல் தர வேண்டும்.

அவரிடம் பேச வாய்ப்பு கிடைத்தால், மாற்று வழியையும் சொல்ல வேண்டும். பழைய மீன்பிடி வலையை வரப்பைச் சுற்றி ஒன்றரை முழ உயரத்துக்குக் கட்டினால், கால் சிக்கும் என்ற பயத்தில் பன்றி தயங்கும். சூரிய மின்வேலி நல்ல பலன் தரும். வேளாண் பொறியியல் துறையில் அதற்கு மானியத் திட்டம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். ஆனால், 2023-ம் ஆண்டு கொண்டுவந்த மின்வேலி விதிகளின்படி வனப்பகுதியை ஒட்டிய நிலத்தில் அனுமதியும் பதிவும் தேவை. வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் கொடுப்பது கொலைக்குச் சமம். அந்த ஆண்டு மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே 3 யானைகள் இறந்தது அப்படிப்பட்ட வேலியால்தான்.

----------

“விதைத்த மறுநாளே மயில் வந்து கிளறித் தின்றுவிடுகிறது. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே, அதை வைத்து விரட்டலாமா?”

- வாசகர், கோவில்பட்டி.

4.5 மி.மீ. குழலுக்கு மிகாமலும், 20 ஜூல் வேகத்திறனுக்கு மிகாமலும் உள்ள ஏர்கன்னுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை என்பது உண்மை. அது துப்பாக்கியை வைத்திருப்பது பற்றிய சலுகை. அதை எதன்மீது சுடலாம் என்பதற்கு அந்தச் சலுகை பொருந்தாது. மயில் 1963 முதல் தேசியப் பறவை. வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் மிக உயர்ந்த பாதுகாப்பு அதற்கு உண்டு. ரவை பட்டு மயில் செத்தாலும், காயம்பட்டாலும் சிறைத் தண்டனை வரை போகும். விஷம் கலந்த தானியம் வைப்பதும் அப்படியே. ‘மேலே படாமல் பயமுறுத்தத்தானே’ என்றாலும், தவறிப் பட்டுவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது.

மயில் அதிகம் இறங்குவது காலையிலும் மாலையிலும். விதைத்ததிலிருந்து நாற்று இரண்டு, மூன்று இலை விடும்வரைதான் கடும் சேதம். அந்த 10, 12 நாள் காவல் இருந்தால் பாதிப் பிரச்னை தீரும். விதையைச் சற்று ஆழமாக ஊன்றி, மேலே தெரியாமல் மண் மூட வேண்டும். சிவப்பும் வெள்ளியுமான பளபளப்பு நாடாவை, முறுக்கிவிட்டு, பயிருக்குச் சற்று மேலே காற்றில் அதிரும்படி கட்டினால் ஒளியும் சத்தமும் சேர்ந்து மயிலை அண்டவிடாது. ஒரே இடத்தில் அப்படியே விட்டால் மயில் பழகிவிடும். நான்கு நாளைக்கு ஒருமுறை நாடாவின் திசையையும், பொம்மையின் இடத்தையும் மாற்ற வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர்களும் ஒரே வாரத்தில் விதைத்தால், சேதம் ஒரே வயலில் விழாமல் பரவும். காவலுக்கும் முறை வைத்துக்கொள்ளலாம்.